பிறக்கும்போது இருந்த எஞ்சின்

அத்தான் காரின் போனற்றைத் தூக்கித் தடியை முட்டுக்கொடுத்துவிட்டு, மணவறைத் திரையை விலக்கிக் காட்டுகிறவர்போல இரண்டு கைகளையும் விரித்தார். உள்ளே எஞ்சின் முழுவதும் வெள்ளிப் பெயின்ற் மினுங்கியது. அதன் உச்சியில் மூன்று விரலால் இழுத்த சந்தனம். நடுவிலே குங்குமம். அன்று வெள்ளிக்கிழமை. கடையின் சாமிப்படத்துக்குக் காட்டிய கற்பூரம் இந்தப் பின்முற்றத்துக்கும் வந்து போயிருக்கிறதென்று மணத்திலேயே தெரிந்தது.

"எப்பிடி மச்சாள்?" என்றார்.

நான் சந்தனத்தைப் பார்க்கவில்லை. எஞ்சினின் விலாப்பக்கத்தில், இரும்போடு இரும்பாக வார்த்த சின்னத் திட்டு ஒன்று இருக்கிறது. தீப்பெட்டி ஒன்றை ஒட்டிவைத்ததுபோல. தொழிற்சாலையில் இலக்கம் அடிப்பது அதன்மேல்தான். கையை உள்ளே விட்டுத் தடவினேன். நனைந்த சவர்க்காரம்போல வழுவழுவென்று இருந்தது. மற்ற விரலாலும் தடவினேன், முதல் விரல் பொய் சொல்லியிருக்குமோ என்ற நப்பாசையில்.

"இலக்கம் எங்கை அத்தான்?"

"எடுத்தாச்சு."

"என்ன எடுத்தாச்சு?"

"அழிச்சாச்சு மச்சாள். கிறைண்டர் பிடிச்சு, பேந்து மட்டத்தாள் போட்டு, பேந்து பெயின்ற். பாரும், இருந்த இடமே தெரியாது. இனி ஒருத்தரும் உம்மை ஒரு கேள்வி கேக்க ஏலாது."

பக்கத்தில் வெங்காய மூட்டை ஒன்று இருந்தது. அதன்மேல் இருந்துவிட்டேன். அந்த இலக்கத்தைத்தான் ஒரு சங்கம் என்னிடம் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தது. அந்த இலக்கம் ஒன்றுதான் அந்தக் காருக்கும் எனக்கும் மிச்சமிருந்த வழி.

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். பாரிசில், ரூ பெர்தொனே என்ற தெருவில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய வழி, அதைத் தாண்டினால் ஒரு வாகனம் மட்டும் நிற்கக்கூடிய முற்றம். மேலே நான்கு பக்கமும் ஜன்னல்கள், ஜன்னல்களுக்கு மேலே சதுரமாக வெட்டிய வானம். அந்தச் சதுரத்துக்குள் கிழமையில் ஐந்து நாள் என் கார் வந்து நின்றது. காலையில் கடை வான் சாமான் இறக்கிவிட்டு வெளியே போனதும் நான் உள்ளே விடுவேன். பின்னேரம் வான் திரும்பும் முன்னே எடுத்துவிடுவேன். அந்த இடைவெளிதான் எனக்கு வேண்டியிருந்தது.

எனக்கு இரண்டு வேலை. மத்தியானம் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுவதும் கோப்பை அடுக்குவதும். பின்னேரம் கந்தோர்கள் மூடியபிறகு அவற்றைக் கூட்டித் துடைப்பது. இரண்டுக்கும் நடுவே நாளின் நடுவயிற்றில் ஓர் ஓட்டை. வீடு இருப்பது நகருக்கு வெளியே, பொண்டியில். ரயிலில் போய், பஸ்ஸில் ஏறி, வீட்டுக் கதவைத் திறந்து, மூடி, திரும்பி வரத்தான் அந்த நேரம் காணும். கபேயில் தனியே இருந்தால் தெரிந்த முகம் ஒன்று வந்து, "என்ன, தனிய இருக்கிறியள்?" என்று எதிர்க் கதிரையை இழுக்கும். கடைக்குள் இருந்தால் முருங்கைக்காய் எவ்வளவு என்று கேட்பார்கள். எனக்கு எழுத ஓரிடம் வேண்டும். நான் எழுதுவது கவிதையென்று கவிஞர்களும் சொல்வதில்லை, கட்டுரையென்று மற்றவர்களும் சொல்வதில்லை. வரியை எங்கே முறிப்பதென்று தெரியாத ஒருத்தி விளிம்புவரை எழுதிக்கொண்டே போகிறாள், அவ்வளவுதான். ஆனால் அதற்கும் ஒரு கதவு வேண்டும், சாத்துவதற்கு.

ஊரில் சண்டை முடிந்த 2009 வைகாசிக்குப் பிறகு எனக்கு வீட்டுக்குள் இருக்க முடியாமல் போயிருந்தது. மாதக்கணக்காகத் தெருவிலும் சதுக்கத்திலும் பதாகையோடு நின்று பழகிய கால்கள். தெரு திடீரென்று வெறிச்சோடியபோது கால்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. அவை நடந்துகொண்டே இருந்தன. அந்த இலையுதிர் காலத்தில், என்னோடு சாப்பாட்டுக்கூடத்தில் வேலைசெய்த பிரெஞ்சுக்காரி ஒருத்தி, இறந்துபோன தகப்பனின் வீட்டை ஒதுக்குகிறேன், அலுமாரி ஒன்று வேண்டுமானால் வந்து பார் என்றாள். அந்த வீடு இருந்த ஆர்ஜொந்தெய்க்குப் போனேன். அலுமாரி கதவால் வெளியே வரவில்லை. கொட்டிலில் கார் நின்றது.

மூக்கில் சிங்கம் வைத்த கார். பின்பக்கம் இரண்டு மூலையும் மீன் செட்டைபோலக் கூராய் எழும்பியிருந்தது. என்னைவிட வயது கூடியது. பின்மூடியின் வலது ஓரத்தில், சரிந்த வெள்ளி எழுத்தில் 'இன்ஜெக்சன்' என்று பிரெஞ்சில் இருந்தது. அதன் பொருள் எனக்கு அன்று தெரியாது. ஊசி போடுவதைத்தான் நினைத்தேன். பின் இருக்கையில் ஏறி இருந்து கதவைச் சாத்தினேன். கொட்டிலுக்கு வெளியே பேசிக்கொண்டிருந்தவளின் குரல் கிணற்றுக்குள் போனதுபோல ஒடுங்கியது. இதைத் தருவாயா என்று அங்கிருந்தே கேட்டேன்.

அத்தான் வானில் கயிறு கட்டி இழுத்துவந்தார். வழி முழுக்கப் பேசினார். "உலகத்திலை எல்லாரும் புதுக் கார் வாங்கிப் பூசை போடுகினம். நீர் திவசம் முடிஞ்ச காரை வாங்கியிருக்கிறீர்." ஆனால் அவரும் அவருக்குத் தெரிந்த ஒரு திருத்துனருமாகச் சேர்ந்து, வசந்தம் வருமுன்னே அதை ஓடவைத்தார்கள்.

பிறகு வருடங்கள். அந்தப் பின் இருக்கையில், பழைய றெக்சீன் மணமும் பெற்றோல் மணமும் கடையிலிருந்து வரும் கொத்தமல்லி மணமும் சேர்ந்த ஒரு காற்றில், முழங்காலில் கொப்பியை வைத்து எழுதினேன். மழை கூரையில் விழும்போது எழுத்து வேகமாக வந்தது. குளிர்காலத்தில் கையுறையோடு எழுதினேன், எழுத்து குண்டாக வந்தது. என் புத்தகம் இரண்டும் அந்தக் காருக்குள் எழுதியவை. வெளியீட்டு விழாவில் அத்தான் மேடையேறி, "இந்தப் புத்தகத்துக்கு நானும் பெற்றோல் அடிச்சிருக்கிறன்" என்றார். கைதட்டல் எனக்குக் கிடைத்ததைவிடக் கூட.

பின்னர் நகரசபை ஒரு முடிவெடுத்தது. வயதான வாகனங்கள் வார நாட்களில் பகல் நேரம் பாரிசுக்குள் ஓடக்கூடாது. புகைதான் காரணம். நியாயம்தான். கடை இருக்கிற லா சப்பலின் காற்றைக் குடிப்பவர்களில் நானும் ஒருத்தி. சனி ஞாயிறு ஓடலாம். ஆனால் சனி ஞாயிறில் எனக்கு இடைவெளி இல்லை. சமையலும் சலவையும் கலியாணவீடுகளும்தான். ஒரே ஒரு விலக்கு இருந்தது. சேகரிப்பு வாகனம் என்று தனிப் பதிவு அட்டை வைத்திருந்தால் ஓடலாம். அதற்குப் பழைய வாகனங்களைச் சரிபார்க்கும் சங்கம் ஒன்று சான்று தரவேண்டும். சங்கம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தொழிற்சாலைக் கதவைத் தாண்டியபோது இருந்த அதே வகை எஞ்சினோடுதானா இந்தக் கார் இன்னும் இருக்கிறது?

"உதுக்கும் கார்த் செஜூர் கேக்கினமோ?" என்று, நாங்கள் வரிசையில் நின்று வாங்கிய வதிவிட அட்டையை நினைத்து அத்தான் சிரித்தார். அந்தக் கிழமை கடைக்கு வந்த எல்லோரும் அதே பகிடியைச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களிடம் கேட்டபோது எங்களுக்கு வாயாவது இருந்தது.

சிக்கல் இதுதான். பின்மூடியில் இருக்கும் எழுத்து இன்ஜெக்சன் என்கிறது. அதாவது ஒரு பம்ப் பெற்றோலை அளந்து, அழுத்தி, எஞ்சினுக்குள் பீச்சும். அந்தக் காலத்தில் அது விலைகூடிய வகை, அரிய வகை. ஆனால் போனற்றைத் திறந்தால் உள்ளே இருப்பது சாதாரணக் காபரேற்றர். அப்படியானால் இரண்டில் ஒன்று. இன்ஜெக்சன் எஞ்சினோடு பிறந்து, பிறகு யாரோ எஞ்சினையே மாற்றிவிட்டார்கள். அல்லது காபரேற்றரோடுதான் பிறந்தது, யாரோ பெருமைக்கு அந்த எழுத்தை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். இரண்டாவது என்றால் எழுத்தைக் கழற்றிவிட்டு அட்டையை வாங்கிக்கொண்டு போகலாம். முதலாவது என்றால் இல்லை.

வகையைச் சொல்லும் உலோகத் தகடு முன்பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு பழைய விபத்தில் அந்தப் பக்கத் தகரத்தை மாற்றியவர்கள் அதையும் தொலைத்திருந்தார்கள். உடம்பில் அடித்திருந்த இலக்கம் பதிவு அட்டையோடு ஒத்துப்போனது. ஆனால் அந்தக் காலத்தில் இரண்டு வகையும் கலந்து வெளிவந்ததாம், அதனால் அது ஒன்றும் சொல்லாது. ஆர்ஜொந்தெய்க்காரியிடம் கேட்டேன். "அப்பா எப்போதும் இன்ஜெக்சன் என்றுதான் சொல்வார்," என்றாள். "ஆனால் அப்பா தான் சைக்கிள் ஓட்டப் போட்டியில் வென்றதாகவும் சொல்வார்."

மிஞ்சியது எஞ்சினில் உள்ள இலக்கம். அதன் முதல் எழுத்துகள் அது எந்த வகை என்று சொல்லிவிடும். சங்கம் அதன் படத்தைக் கேட்டது. நான் வேலைக்குப் போகிற அவசரத்தில், முற்றத்தில் காரை விட்டுவிட்டு, அத்தானிடம் சொன்னது இவ்வளவுதான்: "அந்த இலக்கம் இருக்கிற இடத்தைக் கொஞ்சம் துடைச்சு வையுங்கோ. நாளைக்குப் படம் எடுக்கவேணும்."

துடைத்தார்.

வெங்காய மூட்டையில் இருந்தபடி ஏன் என்று கேட்டேன். அவருக்கு என் முகம் விளங்கவில்லை. செய்த நன்மைக்கு நன்றி வரும்வரை காத்திருந்த மனிதர்.

"நான் துடைச்சுப்போட்டு வாசிச்சனான். பேந்து உம்மடை பதிவு அட்டை, அந்தக் கார்த் கிரீசை எடுத்துப் பாத்தனான். ஒண்டுகூடப் பொருந்தேல்லை மச்சாள். ஒரு எழுத்துக்கூட! எனக்குக் கையும் ஓடேல்லை காலும் ஓடேல்லை. எஞ்சின் வேறை, புக் வேறை. உதைப் படமெடுத்து நீரே அனுப்பினால், நீரே போய் மாட்டுப்படுறது மாதிரியெல்லோ?"

அப்போதுதான் விளங்கியது. அவர் ஊரில் கார் வைத்திருந்தவர். அங்கே வாகனப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் எழுதியிருக்கும், உடம்பு இலக்கமும் எழுதியிருக்கும். சென்றியில் மறிக்கும் ஆமிக்காரன் போனற்றைத் திறக்கச் சொல்லி, புத்தகத்தைப் பிடித்து இரண்டையும் ஒப்பிடுவான். சண்டைக் காலத்தில் உதிரிப்பாகம் வராத ஊரில் எந்தக் காருக்குள் எந்த எஞ்சின் இருந்ததென்று கடவுளுக்கும் தெரியாது. தண்ணீர் இறைக்கிற எஞ்சினில் ஓடிய கார்களும் இருந்தன. இலக்கம் ஒத்துவராவிட்டால் காரையும் ஆளையும் மறித்து வைப்பார்கள். இலக்கமே இல்லாவிட்டால், தேய்ந்துபோச்சு ஐயா, பழைய எஞ்சின் ஐயா என்று கையைக் கட்டி நின்று தப்பலாம். ஒத்துவராத இலக்கத்தைவிட இல்லாத இலக்கம் நல்லது. அது அவர் உடம்பில் ஊறிய அறிவு. அந்த அறிவு கிறைண்டரை எடுத்தது.

"அத்தான், இஞ்சை கார்த் கிரீசிலை உடம்பு இலக்கம் மட்டும்தான் இருக்கும். எஞ்சினுக்கு வேறை இலக்கம். ரெண்டும் பொருந்தவே தேவையில்லை."

அவர் முகத்தில் இருந்த பெருமை மெல்ல வழுக்கிக் கீழே போனதைப் பார்த்தேன்.

"அப்ப அது சரியான இலக்கமோ?"

"சரியோ பிழையோ எண்டு பாக்கத்தானே படம் கேட்டவை."

குனிந்து அந்தத் திட்டைத் தானும் ஒருதரம் தடவினார். பிறகு, யாழ்ப்பாணத்து ஆண்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடத்துக்கு வந்தார். "உதை நீரெல்லோ முதலே சொல்லியிருக்கவேணும்?"

"சரி. வாசிச்சனீங்கள்தானே. என்ன இருந்தது?"

கண்ணை மூடினார். "முதலிலை ஒரு எழுத்து. பேந்து ஏழு. இல்லை... ஒன்பது."

"என்ன எழுத்து?"

"இங்கிலிசு எழுத்து."

அடுத்தடுத்த நாட்களில் அந்த இலக்கம் அவர் வாயில் ஒவ்வொரு விதமாக முளைத்தது. நான் கோப்பை அடுக்கிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடிக்கும். "மச்சாள், ஏழுதான். சத்தியமா ஏழு. உம்மடை அக்கா சாட்சி."

"அக்கா பாத்தவவோ?"

"இல்லை. நான் ஏழு எண்டு சொல்லேக்கை பக்கத்திலை நிண்டவ."

கோபம் ஒரு விசித்திரமான பொருள். அதைப் போடுவதற்கு ஒரு கெட்டவன் வேண்டும். எனக்கு அகப்பட்டவரோ, குற்றம் செய்த கையாலேயே தினமும் தேத்தண்ணி கொண்டுவந்து கார்க் கண்ணாடியைத் தட்டி நீட்டுகிறவர். நான் வாங்கிக் குடித்தேன். எழுதவில்லை. எழுத இருந்த பக்கங்களில் எஞ்சினின் படம் கீறினேன். அம்புக்குறி போட்டேன். பழைய கார்ப் பைத்தியங்கள் இணையத்தில் எழுதுவதையெல்லாம் வாசித்தேன். ஒருவன் வார்ப்பின் நிறத்தைப் பார் என்றான். வெள்ளிப் பெயின்ற்றுக்குக் கீழே என்ன நிறத்தைப் பார்ப்பது? இன்னொருவன் காற்றுக்குழாயின் வளைவைப் பார் என்றான். எங்கள் திருத்துனர் அதை எப்போதோ ஒரு தண்ணீர்க் குழாயால் மாற்றியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் புதுச்சேரி ஐயா இதற்குள் வந்தார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர், பிரெஞ்சுக் குடியுரிமையோடே பிறந்தவர். சனிக்கிழமைகளில் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் கடைக்கு வருவார். அவரிடமும் ஒரு பழைய கார் இருந்தது. ஞாயிறுகளில் தன்னைப்போன்ற மனிதர்களோடு ஊர்வலம் போவார். பனிக்காலத்திலும் கழுத்துப் பட்டி கட்டி, மேற்சட்டையின் எல்லாப் பொத்தானையும் போட்டிருப்பார். அத்தான் கதையைச் சொல்ல, அவர் முருங்கைக்காயைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"இவரு கையில மெஷின் குடுத்தது யாரும்மா?" என்றார் என்னிடம்.

"முசியே, நான் ஊரிலை இப்பிடி எத்தினை காரைக் காப்பாத்தினனான் தெரியுமோ?" என்றார் அத்தான்.

"காப்பாத்தினீங்க சரி. இங்க கொலை பண்ணிட்டீங்களே."

இந்தச் சிக்கலுக்காகவே அந்தச் சனிக்கிழமைகளில் காரைக் கொண்டுவந்து விட்டிருந்தேன். முற்றத்துக்கு வந்து பார்த்தார். எஞ்சினை ஓட்டச் சொன்னார். கண்ணை மூடித் தலையைச் சரித்துக் கேட்டார், கச்சேரி கேட்பதுபோல. "இது பொறந்ததிலேருந்தே கார்புராத்தேர் வண்டிதாம்மா. சத்தமே சொல்லுது. எழுத்து சும்மா அலங்காரம்." எனக்கு அன்றிரவு நிம்மதியாக நித்திரை வந்தது. அடுத்த சனிக்கிழமை வந்தவர் டாஷ்போர்டைத் தட்டிப் பார்த்து, கண்ணாடியைப் போட்டு, "இது நிச்சயம் இன்ஜெக்சன் வண்டி," என்றார்.

"போன கிழமை வேறை சொன்னீங்களே ஐயா?"

"போன வாரம் வெளிச்சம் பத்தலம்மா."

"முசியே காதாலைதானே கேட்டவர்," என்றார் அத்தான். "காதுக்கு என்னத்துக்கு வெளிச்சம்?"

இருவரும் என்னை நடுவில் விட்டுச் சண்டை பிடித்தார்கள். யாழ்ப்பாணத்தில் கார் ஓடிய விதத்தையும் புதுச்சேரியில் கார் ஓடிய விதத்தையும் பற்றி. நான் போனற்றின் விளிம்பில் சாய்ந்து நின்றேன். இரண்டு ஆண்கள் ஒரு எஞ்சினுக்கு மேலே நின்று கதைக்கும்போது, அந்த எஞ்சினுக்குச் சொந்தக்காரி காற்றாகிவிடுகிறாள். சலித்துப்போய், அவர்கள் மூச்சு வாங்கிய இடைவெளியில், எனக்கே முட்டாள்தனமாகப் பட்ட ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"அந்த இன்ஜெக்சன் பம்ப் பெற்றோலை அள்ளிக்கொண்டு வருது. எஞ்சினுக்குத் தேவையானதைக் குடுத்திட்டு, மிச்சத்தை என்ன செய்யும்?"

"திரும்ப டாங்குக்கு அனுப்பிடும்," என்றார் ஐயா.

"எதாலை அனுப்பும்?"

அவர் முருங்கைக்காயைக் காரின் கூரையில் வைத்தார்.

எஞ்சினை மாற்றலாம். எழுத்தை வாங்கிப் பூட்டலாம். ஆனால் காரின் வயிற்றுக்கு அடியில் முன்னுக்கிருந்து பின்னுக்குப் போகும் குழாய்களை யாரும் பெருமைக்காகப் பூட்டமாட்டார்கள். அங்கே யார் பார்க்கப்போகிறார்கள்? போக ஒரு குழாய் மட்டும் இருந்தால் காபரேற்றர். போக ஒன்று, வர ஒன்று இருந்தால் இன்ஜெக்சன்.

ஞாயிற்றுக்கிழமை. ஐயாவும் தன் ஊர்வலத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். முற்றத்தில் வாழைக்காய்ப் பெட்டி மட்டைகளை விரித்து, காரை உயர்த்தி, மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, நான் மல்லாந்து உள்ளே போனேன். "மச்சாள், நான் போறன், விடும்," என்றார் அத்தான். உங்கள் கையில் இனி இந்தக் காரைத் தரமாட்டேன் என்றேன். ரோச் லைற்றை மட்டும் பிடிக்கச் சொன்னேன்.

காரின் அடிப்புறம் ஒரு தனி நாடு. மேலே பாரிஸ் எத்தனை தரம் மாறினாலும் அங்கே எதுவும் மாறவில்லை. எத்தனையோ மழைக்காலத்தின் சேறு காய்ந்து, தார் படிந்து, தொட்டால் பொடிப்பொடியாக என் கண்ணுக்குள் கொட்டியது. கைத்துண்டால் துடைத்துத் துடைத்து முன்னுக்கிருந்து பின்னுக்கு நகர்ந்தேன். ஒரு குழாய்தான் ஓடியது. என் நெஞ்சு இலகுவானது. ஒன்று. ஒன்றேதான். கத்தப் போனேன். அப்போது அந்தக் குழாயைப் பிடித்திருந்த கவ்விகளைக் கண்டேன். ஒவ்வொன்றிலும் இரண்டு பள்ளம். ஒரு பள்ளத்தில் குழாய். மற்றப் பள்ளம் வெறுமை.

"ரெண்டு வகைக்கும் ஒரே கவ்வியைப் போட்டிருப்பாங்க," என்றார் ஐயா வெளியே நின்று. அவர் சப்பாத்துகள் மட்டும் எனக்குத் தெரிந்தன. நானும் அதைத்தான் நம்ப விரும்பினேன். இன்னும் பின்னுக்கு நகர்ந்தேன். டாங்கின் அருகே போய் லைற்றைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன்.

டாங்கில் இரண்டு வாய். ஒன்றிலிருந்து குழாய் புறப்பட்டுப் போனது. மற்றதில் விரல் நீளத்துக்கு வெட்டிய இறப்பர் துண்டு ஒன்று, அதன் நுனியில் ஒரு ஆணியைச் செருகி, வளையம் போட்டு முறுக்கி அடைத்திருந்தது. யாரோ ஒருவன் என்றோ ஒரு நாள் இங்கே மல்லாந்து படுத்து, இனி இதற்கு வேலையில்லை என்று அடைத்திருக்கிறான்.

உண்மையைக் கண்டுபிடித்தவளுக்கு வரவேண்டிய சந்தோசம் ஒரு கணம் வந்ததுதான். அந்தச் செத்துப்போன மனிதர் பொய் சொல்லவில்லை, அந்த வெள்ளி எழுத்து பொய் சொல்லவில்லை. கார் இன்ஜெக்சனாகப் பிறந்தது. அடுத்த கணம் மிச்சம் வந்து நெஞ்சில் ஏறியது. அப்படியானால் இப்போது உள்ளே இருப்பது வேறு எஞ்சின். பிறந்த எஞ்சின் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டது. அத்தான் அழித்த இலக்கம் இருந்திருந்தால், அது இதைத்தான் சொல்லியிருக்கும். படமெடுத்து அனுப்பியிருந்தால் அடுத்த கிழமையே மறுத்திருப்பார்கள். அவர் அழித்தது எனக்காக இருந்த சாட்சியை அல்ல, எனக்கு எதிராக இருந்த சாட்சியை. இத்தனை நாள் சேர்த்துவைத்த கோபத்தைக்கூட ஓரிடத்தில் இறக்கிவைக்க முடியாமல் செய்துவிட்டார்.

வெளியே ஊர்ந்து வந்து சொன்னேன். அத்தானின் முகம் மலர்ந்தது.

"அப்ப நான் செய்தது சரி!"

"கொஞ்சம் சும்மா இருங்கோ அத்தான்."

"இல்லை, கேளும். ஒருத்தரிட்டையும் இலக்கம் இல்லை. பின்னுக்கு இருக்கிற எழுத்தைக் கழட்டுவம். ஓட்டையை அடைப்பம். டாங்கிலை இருக்கிற அந்த வாயைக் கிறைண்டர் பிடிச்சு..."

நான் புதுச்சேரி ஐயாவைப் பார்த்தேன். சட்டதிட்டம் தெரிந்தவர், இதைக் கண்டிப்பார் என்று. அவர் பொத்தானைத் திருகிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "யாரும் கீழ படுத்துப் பாக்க மாட்டாங்கம்மா."

நான் பொய் சொல்லாதவள் அல்ல. வீடு பிடிக்கவும் வேலை பிடிக்கவும் இந்த ஊரில் சொல்லவேண்டிய அளவு சொல்லியிருக்கிறேன். இதையும் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்கும் வழி இருக்கவில்லை. இலக்கத்தின் படம் இல்லாமல் விண்ணப்பம் நகராது. திங்கட்கிழமை சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மிக மரியாதையான பெண் குரல்.

"இலக்கம் தேய்ந்துவிட்டதா, மதாம்?"

"இல்லை. தேய்க்கப்பட்டுவிட்டது."

"யாரால்?"

சொல்லத் தொடங்கினேன். என் அக்காவின் கணவர். எங்கள் நாட்டில் சோதனைச் சாவடி. இராணுவம். இலக்கங்கள் பொருந்தாவிட்டால். ஆகவே அழிப்பது வழக்கம். தமிழில் அது ஒரு பாசமான மனிதரின் முட்டாள்தனம். பிரெஞ்சில் என் வாயிலிருந்து வந்தபோது, அது எல்லைகள் தாண்டி வாகனம் திருடும் ஒரு கூட்டத்தின் கதையாக இருந்தது. அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டாள். அழிக்கப்பட்ட இலக்கத்தோடு எந்த எஞ்சினையும் ஏற்கமுடியாது என்றாள். அந்தக் காருக்குரிய இன்ஜெக்சன் எஞ்சின் ஒன்றை, வாசிக்கக்கூடிய இலக்கத்தோடு, எங்கேனும் தேடிப் பூட்டினால் மறுபடி எழுதுங்கள், மகிழ்ச்சியோடு பார்ப்போம் என்றாள்.

தேடினேன். அந்த வகை எஞ்சின் வைத்திருப்பவர்கள் அதைப் படுக்கையறையில் வைத்திருப்பவர்கள். விற்கமாட்டார்கள். படம் அனுப்புவார்கள்.

தடை தொடங்க இருந்த கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, பின் இருக்கையிலிருந்து என் கொப்பிகளையும் போர்வையையும் தேத்தண்ணிக் குவளையையும் ஒரு மீன்பெட்டிக்குள் அடுக்கினேன். இனிக் கார் பொண்டியில், எங்கள் மாடிக்கட்டடத்தின் முன்னே நிற்கும். அங்கே நான் அதற்குள் இருந்தால் அயலவர்கள் வீட்டுச் சண்டை என்று நினைப்பார்கள். அத்தான் கடை வாசலில் நின்று பார்த்தார். பிறகு மீன்பெட்டியை என் கையிலிருந்து வாங்கி முன் இருக்கையில் வைத்தார்.

ஞாயிறு பின்னேரம் தொலைபேசி எடுத்தார்.

"காரைக் கொண்டுவந்து முற்றத்திலை விடும்."

"நாளைக்குத் திங்கள் அத்தான். எடுக்க ஏலாது."

"எடுக்கவேண்டாம். சனிக்கிழமைவரைக்கும் நிக்கட்டும். நிக்கிற காரை ஒருத்தரும் பிடிக்கிறேல்லை. ஓடினால்தான் குற்றம்."

"அப்ப வான்?"

"வான் தெருவிலை நிக்கும்."

"சாமான்?"

"எனக்குத் தோள் இருக்கு," என்றார். வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை மத்தியான வேலை முடிந்து வந்து, பின் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கொப்பியை விரித்தேன். முதல் வரி ரயிலில் வரும்போதே வந்திருந்தது. அதை எழுதுமுன்னே ஒடுங்கிய வழியில் காலடி கேட்டது. அத்தான், தோளில் அரிசி மூட்டை. தெருவில் நிற்கும் வானிலிருந்து சுமந்து வருகிறார். கார் நின்றதால், சுவருக்கும் கண்ணாடிக்கும் இடையே உடம்பைப் பக்கவாட்டாகத் திருப்பி, வயிற்றை எக்கி, காலை இழுத்து இழுத்து வைத்துத்தான் களஞ்சியத்துக்குப் போகமுடிந்தது. என்னைக் குழப்பக்கூடாதென்று முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். போனார். வந்தார். வெங்காயம். மறுபடி போனார். மரவள்ளிப் பெட்டி. அறுபதை நெருங்கிய மனிதரின் மூச்சு என் கண்ணாடியில் பட்டுப் பட்டு மறைந்தது. வரி எங்கேயோ போய்விட்டது.

கண்ணாடியை இறக்கினேன்.

"என்ன, எழுதி முடிஞ்சுதோ?" என்றார், மூட்டையை இறக்காமலே.

"துவங்கவே இல்லை."

"ஏன்?"

"நீங்கள் இதாலை போய்ப் போய் வாறீங்கள்."

யோசித்தார். "அப்ப நான் கண்ணை மூடிக்கொண்டு போகட்டோ?"

"மூடினால் காரிலை இடிப்பீங்கள்."

"அப்ப நீர் மூடும்," என்றார். மூட்டையை ஒரு எம்பு எம்பித் தோளில் சரிசெய்துகொண்டு, கதவோடு உரசிக்கொண்டு போனார்.